நடந்து வந்த ஓர்கிட்

“நேத்தைய விட இன்னைக்கு இன்னும் கிட்ட வந்திருக்காரு, பாருங்க,” என்றார் ஜெயம்மா, முற்றத்தில் பூத்து நின்ற ஓர்கிட் செடியைக் காட்டி.

முக்தாருக்குத் தேநீர் புரையேறியது. எஹலியகொட டவுனில் பூச்செடி விற்பவர் அவர்; எல்லாருக்கும் ‘நானா’. செடியில் பூச்சி என்று கூப்பிட்டிருக்கிறார்கள், பூக்கவில்லை என்று கூப்பிட்டிருக்கிறார்கள். செடி நடக்கிறது என்று இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

“தெனமும் இதே கதைதான் நானா,” என்றாள் மகள் நிரோஷா. “அப்பாவும் நீங்களும் சேந்து நட்ட செடிதானே. அவரு செத்து வருஷமாச்சு. இப்ப அவருதான் செடியா வாராருன்னு அம்மா சொல்லுது. தேயிலைத் தோட்டத்துல தனியா கெடக்காம இரத்தினபுரிக்கு என்கூட வான்னா வரமாட்டேங்குது. இதப் பேத்துக்கிட்டுப் போயிருங்க. அப்பதான் அம்மா கெளம்பும்.”

“பேத்தா நான் செத்துருவேன்,” என்றார் ஜெயம்மா, மழை வரும் என்று சொல்வதுபோலச் சாதாரணமாக. “இது பூத்தா வந்து ஒன்னயக் கூட்டிட்டுப் போறேன்னு அவரு சொல்லிட்டுப் போனாரு. பூத்திருச்சு. வந்துக்கிட்டிருக்காரு. வாசலத் தொட்டதும் நானே கெளம்பிருவேன்.”

செடி ஆளை விட உயரம். கரும்பு மாதிரித் தடித்த தண்டுகள். மஞ்சளில் பழுப்புப் புள்ளி விழுந்த பூக்கள் குலை குலையாகத் தொங்கின. காற்றே இல்லை. ஆனாலும் பூக்கள் லேசாக ஆடின.

“அக்கா, செடி நடக்காது,” என்றார் முக்தார்.

“அப்படியா? போன போகத்துல இதுக்கும் வாசலுக்கும் நடுவுல பாய் விரிச்சு மொளகா காயப்போட்டேன். இப்ப ஒரு சொளகு வைக்க எடமிருக்கா, பாருங்க.”

முக்தார் பார்த்தார். செடியை நட்ட அன்று அந்த இடைவெளியில்தான் தன் த்ரீவீல் ஆட்டோவை நிறுத்தினார். இப்போது ஓர் ஆள் பக்கவாட்டாகத்தான் நுழைய முடியும்.

“யாராச்சும் ஹூனியம் மந்திரம்னு செஞ்சிருப்பாங்களோ?” நிரோஷா குரலைத் தாழ்த்தினாள். “இல்லாட்டி அம்மாவே இழுத்து இழுத்து வைக்குதோ என்னமோ.”

அப்படித்தான் இருக்கும் என்று முக்தாரும் நினைத்தார். இந்த வகைக்கு வெறும் மண் ஆகாது. செங்கல் துண்டும் தேங்காய் மட்டையும் குவித்து அதன்மேல் வைக்க வேண்டும். யாராவது நகர்த்தியிருந்தால் குவியல் கலைந்திருக்கும்.

குந்தியிருந்து பார்த்தார். அவர் கையால் வட்டமாக அடுக்கிய கற்கள், பாசி படிந்து, அடுக்கியது அடுக்கியபடியே இருந்தன. வேர்கள் அவற்றை இறுக்கிப் பிடித்திருந்தன. ஒரு கல்கூட இடம் பெயரவில்லை. பெயராமலே இவ்வளவு தூரம் வந்திருந்தது.

“யா அல்லாஹ்!” முக்தார் சட்டென்று எழுந்து பின்வாங்கினார்.

ஜெயம்மா சிரித்தார். “இப்ப நம்புறீங்களா? அவரு வரத் தொடங்கினதுல இருந்து கதவச் சாத்த முடியல. நெலையில இறுகிக்கிது. தொறந்தே வையின்னு சொல்றாரு.”

“நானா, எனக்குப் பயமாயிருக்கு. பேத்துருங்க.” நிரோஷாவுக்கு அழுகை வந்துவிட்டது.

“கொஞ்சம் பொறு. முந்தி நின்ன எடத்துல குழி இருக்கான்னு பாத்துட்டு வாரன்.”

முக்தார் செடியைச் சுற்றிக்கொண்டு அதற்குப் பின்னாலிருந்த மலைச்சரிவில் ஏறினார். பலாமரத்துக்குக் கை எட்டும் தூரத்தில்தான் அன்று செடியை நட்டார்கள். பலாமரம் இப்போதும் செடிக்குக் கை எட்டும் தூரத்திலேயே நின்றது. அதற்குப் பின்னால் தேயிலைச் செடிகள் வழக்கம்போல வரிசையாக நின்றன. இன்னும் கொஞ்சம் ஏறியவர் சட்டென்று நின்றார். அடுத்த கணம் தலைதெறிக்க இறங்கி ஓடி வந்தார்.

“நிரோஷா! அம்மாவத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடு!”

“என்ன நானா? பழைய குழியப் பாத்தீங்களா?”

“குழி இல்ல புள்ள! செடி நட்ட எடத்துலதான் நிக்குது. மேல மண்ணு வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது… மலைதான் கீழ வருது!”