இறங்காத புடவை

பழைய ஜவுளிக்கடையிலிருந்து நற்சான்றுக் கடிதம் எதுவும் வாங்கி வராத அருளப்பன், வேலை கேட்டு வந்த புதிய கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு வெள்ளை விரிப்பில் ஏறி நின்றான்.

“பத்தொன்பது வருஷம் வேலை பார்த்திருக்கீங்க. ரெண்டு வரி எழுதித் தரமாட்டாங்களா?” என்று கேட்டார் முதலாளி.

“கேட்டேன் அய்யா. தர முடியாதுன்னுட்டாங்க.”

“அப்படி என்ன பண்ணீங்க?”

“ஒரு அம்மா புடவையைக் காட்டி, சாயம் போகுமான்னு கேட்டாங்க. போகும்னு சொல்லிட்டேன்.”

முதலாளி சிரிக்கவில்லை. அடுக்கிலிருந்து ஒரு நீலப் புடவையை உருவி அவன் பக்கம் போட்டார். “விரிங்க, பார்ப்போம்.”

அருளப்பன் அதன் ஓரத்தைப் பிடித்து மணிக்கட்டைச் சுண்டினான். புடவை மடிப்பு மடிப்பாக அவிழ்ந்து மேலே எழுந்தது. எழுந்தது கீழே வரவில்லை. ஏரித் தண்ணீர்போல லேசாக அலைந்துகொண்டு அந்தரத்தில் நின்றது. அவன் கையை எடுத்துவிட்டான், அப்போதும் நின்றது. விற்பனைப் பெண்கள் மடிப்பதை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். தெருவில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் உள்ளே வந்து அதன் நிழலில் நின்றாள். குளிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும், கண்களை மூடிக்கொண்டாள்.

“இதையே எடுத்துக்கிறேன்” என்றாள். பிறகு கண்ணைத் திறந்து, “சாயம் போகாதுல்ல, அண்ணே?” என்று கேட்டாள்.

முதலாளியின் வெள்ளைச் சட்டைத் தோளில் பொட்டளவு நீலம் சொட்டி மெல்லப் பரவுவதை அருளப்பன் பார்த்தான். முதலாளி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேக்குறாங்கள்ல, சொல்லுங்க.”

தலைக்கு மேலே புடவை அலைவதை நிறுத்திக்கொண்டது.