ஓசி லினக்ஸ்

"ஓசியில வந்த சரக்கு இப்பிடித்தான் பல்ல இளிக்கும்," என்றார் தணிகாசலம்.

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர்தான் மேனேஜர். ஆலையின் சர்வரில் விண்டோஸுக்குப் பதிலாக, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுக்கொடுத்த முஜீப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். சர்வர் மறுபடியும் படுத்துவிட்டது. கேட் பாஸ் அச்சாகாமல் லாரிகள் வாசலில் முட்டிக்கொண்டு நின்றன.

"அந்த விண்டோஸ் மிஷினுங்களப் பாரு. ஒண்ணாவது மக்கர் பண்ணுதா?"

முஜீப் பார்த்தான். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் முகப்பில் காய்ந்திருக்க, எல்லாம் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தன.

"லினக்ஸ் மேல தப்பில்ல சார். டெஸ்ட் போட்டுப் பாத்துட்டேன், மெமரிதான் அடிவாங்கிக்கீது. டப்பாவத் தொறக்கணும்."

"தாராளமா தொற. உள்ள எல்லாம் சுத்தபத்தமாக்கீது. ஒண்ணும் இல்லன்னா லினக்ஸத் தூக்கினு நீயும் அப்பிடியே கெளம்பு."

மெமரி என்றால் ஞாபகசக்தி என்பதற்கு மேல் இந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தபடியே முஜீப் மூடியைக் கழற்றினான்.

மெமரிப் பட்டைகளின் மேல் குழைத்துப் பூசிய சந்தனம், நடுவில் குங்குமம். வழிந்து இறங்கி, பட்டையைச் சொருகும் பள்ளத்துக்குள் இறுகிப்போயிருந்தது.

"யாரு சார் இத உள்ள வெச்சது?"

தணிகாசலம் மீசையைத் தடவிக்கொண்டார்.

"நான்தான். நம்ம பசங்க கூமுட்டைங்க, டப்பாவுக்குப் பொட்டு வெச்சானுங்க. சர்வராச்சேன்னு இத மட்டும் நானே தொறந்து மூளைக்கே வெச்சேன். அப்பிடியும் ஓடலன்னா, உன் லினக்ஸு எவ்ளோ மட்டமான சரக்குன்னு பாத்துக்கோ."