பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு

கைப்பேசியில் மனைவி காத்தூன் பீவி கறாராகச் சொல்லிவிட்டாள். "ஆஃபியாவுக்குப் பால் ஊறல. புள்ள பசியில கத்திக்கினே கீது. சுறா இல்லாம வூட்டுப் பக்கம் வராத."

சௌக்கத் அலி காசிமேடு மீன் சந்தைக்குள் நுழைந்து, தேசம்மாவின் கூடை முன்னால் போய் நின்றார்.

"அக்கா, எம்பொண்ணு புள்ள பெத்துக்கீது. புட்டு பண்ண ஒரு குட்டி சுறா குடேன்."

தேசம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீயா கேக்குற பாய்? குட்டியெல்லாம் புடிச்சித் தின்னா கடல்ல இன்னா மிஞ்சும்னு காலைல நோட்டீசு குடுத்தது யாரு?"

"அது காலைலக்கா. பேரப்புள்ள அழுவுது இப்போ."

"அதுக்கு? இந்தக் கோலத்துல வந்து கேக்குறியே, உனுக்கே நல்லாக்கீதா?"

அதற்குள் தெருவில் ஒலிபெருக்கி அலறியது. "சுறாவைக் காப்போம் பேரணியில் முன்னால் நடந்து வந்த சுறா, எங்கிருந்தாலும் உடனே வண்டிக்கு வரவும். சுறா இல்லாமல் ஊர்வலம் நிற்கிறது."

சௌக்கத் அலி பஞ்சு அடைத்த பல் வரிசையை மேலே தள்ளி, முகத்தை வெளியே நீட்டி மூச்சு வாங்கினார்.

தேசம்மா ஒரு கூறு காரப்பொடி மீனைப் பையில் கட்டி அவருடைய துடுப்பில் மாட்டினாள்.

"இதுலயும் நல்லா பால் சுரக்கும், கொழம்பு வெச்சிக் குடு. மொதல்ல அந்த வாலைச் சுருட்டிக்கினு கெளம்பு பாய். ஏலம் வுடறவன் உன்னையே பாத்துக்கினு கீறான்."