வெள்ள மணி

மணி அடித்தபோது அவன் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான்.

மாடிப் படுக்கையறையில், கட்டிலுக்கு நேர் மேலே, சுவரில் பொருத்திய வெண்கல மணி.

மதகைப் பார்த்துக்கொண்ட ஓவர்சியர்கள் ஒரு காலத்தில் குடியிருந்த வீடு. சுண்ணாம்புச் சுவரையும் தேக்கு உத்தரத்தையும் அப்படியே வைத்துப் பழுதுபார்த்து, இப்போது விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு விடுகிறார்கள். அவர்கள் மூவரும் காலையில்தான் வந்திருந்தார்கள்.

மகள் நிறைமதி கீழே ஆற்று மணலில் விளையாடிக்கொண்டிருந்தாள். கோடை. ஆற்றில் சொட்டு நீர் இல்லை. ஜன்னலிலிருந்து பார்த்தால் அவளுடைய மஞ்சள் கவுன் தெரியும்.

அவன் மனைவிக்கு விளக்கினான். ஊருக்கு வந்தால் மற்றவர்கள் மீன் குழம்பு கேட்பார்கள், இவர் ஸ்க்ரூ டிரைவர் கேட்கிறார் என்று கேலி செய்துவிட்டு, அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

வீட்டை ஒட்டி ஒரு கிணறு. கிணற்றுக்கும் ஆற்றுக்கும் நடுவே மண்ணுக்கடியில் ஒரு குழாய். ஆற்றில் நீர் ஏறினால் கிணற்றிலும் அதே அளவு ஏறும். கிணற்றுக்குள் செம்பில் செய்த மிதவை ஒன்று சங்கிலியில் தொங்கும். சங்கிலி சுவருக்குள்ளேயே மேலே வந்து ஒரு கொக்கியை இழுத்துப் பிடித்திருக்கும். நீர் மிதவையைத் தூக்கினால் சங்கிலி தளரும். கொக்கி விடும். கொக்கி தாங்கியிருந்த எடைக்கல் இறங்கத் தொடங்கும். இறங்குகிற கல் பல்சக்கரத்தைச் சுற்றும். ஒவ்வொரு பல்லும் சுத்தியலைத் தூக்கி மணிமேல் போடும்.

கல் தரையைத் தொடும்வரை மணி அடிக்கும்.

எவ்வளவு எளிது பார், என்றான்.

அரசாங்கம் வைத்த மணி அல்ல. ஓர் ஓவர்சியர் தன் கையால் செய்துகொண்டது. எப்படி வேலை செய்யும் என்று கீழே பலகையில் படம் போட்டிருந்தார்கள். ஏன் செய்தார் என்று போடவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் செல்லக்கண்ணுவிடம் கேட்டான்.

“நான் தொறையூரு சார். போன பொங்கலுக்குத்தான் வந்தேன். புளி போட்டு வெளக்கச் சொன்னாங்க, வெளக்குறேன்.”

மதகுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய மணி. அதைப் போய் ஒரு மனிதன் தான் படுக்கிற கட்டிலுக்கு மேலே ஏன் மாட்டவேண்டும் என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அடித்தது.

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

சுத்தியல் எழுந்து விழுந்தது. எழுந்து விழுந்தது.

“மதி கீழ இருக்கா” என்றாள்.

இது அடிக்க முடியாது என்று அவன் சொன்னான். கிணற்றை மணல் போட்டு நிரப்பிவிட்டார்கள். மேலே கண்ணாடி பதித்திருக்கிறார்கள், காலையில் நீயே அதன்மேல் நின்றுதானே படம் எடுத்துக்கொண்டாய். மிதவை பலகைக்குப் பக்கத்தில் காட்சிக்கு இருக்கிறது. சங்கிலியை அறுத்தாகிவிட்டது. எடைக்கல்லே இல்லை. தவிர, மேலே உள்ள அணையைத் திறந்தால் முதலில் சங்கு ஊதுவார்கள். ஊதவில்லை.

ஒன்றுகூடத் தவறில்லை.

அவன் திரும்பியபோது அறையில் அவள் இல்லை.

ஜன்னலுக்குப் போனான். செருப்பில்லாமல், கொதிக்கும் மணலில் ஓடிக்கொண்டிருந்தாள். மஞ்சள் கவுன் நடு ஆற்றில் இருந்தது. அவன் நினைத்துக்கொண்டிருந்ததைவிடத் தள்ளி.

அப்போது வளைவில் அது தெரிந்தது.

அலை இல்லை. இரைச்சல் இல்லை. பழுப்பாக ஒரு கோடு. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, மணலை நனைத்தபடி வந்தது. முன்னால் வருவது கணுக்கால் அளவுதான் இருக்கும். பின்னால் வருவதுதான் ஆளை எடுக்கும்.

அதுவும் அவனுக்குத் தெரியும்.

அவன் படித்துறைக்கு வந்து சேர்ந்தபோது அவள் ஏறிக்கொண்டிருந்தாள். இடுப்புவரை நனைந்திருந்தாள். மதி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவர்களுக்குப் பின்னால், கரையிலிருந்து கரைக்கு ஆறு.

குழந்தையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான்.

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

மேலே மணி நிற்கவில்லை.

செல்லக்கண்ணு கொல்லையிலிருந்து ஓடிவந்தார். ஆற்றைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். பிறகு மாடியைப் பார்த்தார். வீட்டில் வேறு யாரும் தங்கியிருக்கவில்லை. அக்கரையில் மனித நடமாட்டமே கிடையாது.

மணி அடித்துக்கொண்டிருந்தது.

முதலில் அவளுக்குத்தான் புரிந்தது.

“இன்னும் யாருங்க கீழ இருக்கறது?”

அவனைத்தான் கேட்டாள்.

அவன் ஆற்றைப் பார்த்தான்.

படித்துறையில் நீர் ஒவ்வொரு படியாக விழுங்கிக்கொண்டு மேலே வந்தது. அவன் அதை நோக்கி இறங்கினான். நனையாத கடைசிப் படியில் குந்தி, கையை நீருக்குள் விட்டான். விரல்கள் மறைந்தன. மணிக்கட்டு மறைந்தது. இதில் என்ன பயன் என்று யாராவது கேட்டிருந்தால் அவனால் சொல்லியிருக்க முடியாது.

அப்படியே இருந்தான். நீர் அவன் பாதங்களுக்கு மேலே ஏறியது.

மணி நின்றது.

கை கனத்தது.

அந்தக் கையைத் தாழ்த்தியபடியே எழுந்தான். திரும்பிப் பார்க்காமல் ஒரு படி ஏறினான். நின்று காத்திருந்தான். இன்னொரு படி ஏறினான். மறுபடி நின்றான்.

பெரியவர்களுக்காகக் கட்டிய படிகள். சின்னக் கால்களுக்கு உயரம் அதிகம்.