சூடு சொரணை

"கொஞ்சமாவது சூடு சொரணை இருக்கா உங்களுக்கு?"

அவர் நிமிரவில்லை. சாப்பாட்டு மேஜை முழுக்கச் செப்புக் கம்பி. மோட்டாருக்குக் காயில் கட்டும் தொழிலை விட்டு இரண்டு வருடமாகியும் அவர் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

குளிர் எலும்பைக் கடிக்கிற வாரமாகப் பார்த்து, மனைவியின் கால் ஹீட்டர் வயரைக் கட்டிங் பிளேயரால் வெட்டிவிட்டார். ஏன் என்று மூன்று நாளாகக் கேட்கிறாள். அவர் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருக்கிறார். வயர் வேண்டுமென்று கேட்டிருந்தால் அவளே எடுத்துக் கொடுத்திருப்பாள். கேட்காமல் வெட்டினாரே, அதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. தங்கை வீட்டுக்குப் போய்விடுவது என்று பையைக்கூடக் கட்டி வைத்துவிட்டாள்.

நாளைக் காலை ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கியிருப்பதாக மட்டும் சொன்னார். உங்கள் மூளையைக் காட்டவா என்று கேட்டாள். அவர் கம்பி நுனியைச் சுரண்டத் தொடங்கினார்.

"கடையில விக்காத ஹீட்டரையா செய்யறீங்க?"

"கடையில விக்கிறது கண்மண் தெரியாம சூடாகும்."

காயில் என்றதும் மட்டும் பேச்சு வந்தது. சுவர் கரண்ட் முதல் சுருளோடு நின்றுவிடுமாம். இரண்டாவது சுருள் அதைத் தொடாமலே பன்னிரண்டு வோல்ட்டை மட்டும் வாங்கி, கால் பலகைக்குள் இருக்கும் கம்பிக்குக் கொடுக்குமாம். ஃபியூஸ் உண்டு. இளஞ்சூட்டைத் தாண்டினால் தானே அணைந்துவிடும்.

தொடாமலே கொடுத்து வாங்க இந்த வீட்டில் சுருளுக்குத்தான் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"காலை வெச்சுப் பாரு."

வெறுங்காலைப் பலகைமேல் வைத்தாள். ஸ்விட்சைப் போட்டார். கால் மணி நேரம் போயிற்று. அவர் பலகையைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூடு வந்துச்சா?"

"வந்துச்சு, என் தலைக்கு. கால் ஜில்லுன்னு கெடக்கு. ஊர் மோட்டாரையெல்லாம் ஓட வெச்ச மகராசனுக்குப் பொண்டாட்டி காலைச் சூடாக்கத் துப்பில்லை."

"நல்லாப் பாரு."

"பார்த்தாச்சு. இது குப்பைக்குத்தான் லாயக்கு."

பலகையை வீசி எறிவதற்காகக் குனிந்து இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்த கை அப்படியே நின்றது.

பலகை, தூங்கி எழுந்த குழந்தையின் உடம்பு போல வெதுவெதுப்பாக இருந்தது.

அவர் மெல்லக் கீழே உட்கார்ந்து, அவள் பாதத்தை எடுத்து மடியில் திருப்பி வைத்துக்கொண்டார்.

"பழைய ஹீட்டர் போட்ட கொப்புளம். மூணு நாளா நீ இதுமேலதான் நடந்துக்கிட்டிருக்கே."