டவருக்குக் காற்று

"சின்ன கூலிங் டவரா ஒண்ணை ஆஸ்பத்திரி தலையில கட்டிட்டுப் போயிட்டீங்க. உள்ள என் சம்சாரம் உயிருக்குப் போராடுறா."

டவரை அமைத்துக் கொடுத்த இன்ஜினியரிடம் பொரிந்து தள்ளினார் அந்தக் கணவர். ஏசி கைவிட்டதில் ஆபரேஷன் தியேட்டர் குளியலறை போலப் புழுங்கியது. இந்தச் சூட்டில் கத்தியைத் தொட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால் வழியிலேயே உயிர் போய்விடுமாம். சாயங்காலத்துக்கு மேல் தாங்காதாம்.

"மழைக்காலப் புழுக்கத்தை வச்சுத்தான் சார் கணக்குப் போட்டேன். அதுக்கு மேல கொஞ்சம் கூட்டியும் வச்சேன்" என்று ஆஸ்பத்திரி மேனேஜரிடம் முனகினார் இன்ஜினியர். தன் கணக்கின் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மூவரும் கட்டடத்தின் பின்பக்கம் போனார்கள். டவரைப் பார்த்ததும் இன்ஜினியர் தலையில் கை வைத்துக்கொண்டார். மூன்று பக்கமும், டவரைவிட உயரமாக, புதுச் சுவர்.

"வெளிக்காத்தை இழுத்துத் தண்ணியைக் குளிர வைக்கிற மெஷின் சார் இது. இப்போ சுவர் மறிச்சு, தான் விட்ட ஈரச் சூட்டையே திரும்ப இழுத்துக்கிட்டு நிக்குது. எவ்வளவு பெரிய டவர் வச்சாலும் இதே கதிதான். யார் பார்த்த வேலை இது?"

"நான் சேர்றதுக்கு முன்னாடி நடந்தது. டவர் சத்தம் தாங்கலைன்னு பக்கத்து வீட்டுக்காரர் கேஸ் போட்டு ஜெயிச்சுட்டாராம். கோர்ட் உத்தரவுல எழுந்த சுவர்."

"நல்ல புண்ணியவான். ஒரு உயிருக்குக் குழி வெட்டிட்டு நிம்மதியா தூங்குறான்."

அதுவரை கத்திக்கொண்டே வந்த கணவர் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், மனம் விட்டுப்போய்விட்டது என்று நினைத்தார் இன்ஜினியர்.

"அவர் சம்மதிக்காம ஒரு செங்கல்லைத் தொட முடியாது" என்ற மேனேஜர், சுவர் ஓரமாக எட்டிப் பார்த்தார். "அந்த வீடுதான். பூட்டிக் கிடக்கு."

"இப்போ இடிக்க ஆரம்பிச்சாலே ராத்திரி ஆயிடும் சார். அப்புறம்தான் தியேட்டர் குளிரும்." இன்ஜினியரின் குரல் இறங்கிப்போனது.

கணவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார்.

"என் சம்சாரம் நோயாளி. டவர் சத்தத்துல ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்ல அவளுக்கு" என்றார். "கொஞ்சம் கண்ணயரட்டும்னுதான் சார் கேஸ் போட்டேன்."