முதுகில் ஒரு ஓட்டை

உள்ளே வந்த மகாதேவன் முதல் வேலையாக அறைக் கதவைத் தாழ் போட்டார். கையிலிருந்த கனத்த மஞ்சள் பையை மேஜைமேல் வைத்தார். "டாக்டரம்மா, எங்க தலைவரு போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்ட நீங்க மாத்தி எழுதணும்" என்றார்.

டாக்டர் ஜெயபிரியா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தாள். மூன்று நாளைக்கு முன், குற்றாலத்தில் பொதுக்கூட்ட மேடையில் வைத்துக் கட்சித் தலைவர் பாண்டித்துரையைச் சுட்டுவிட்டார்கள். தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த உடலை அறுத்துப் பார்த்தவள் அவள்தான்.

மேடைக்குப் பின்னால் இருந்த லாட்ஜ் மொட்டை மாடியில் நாட்டுத் துப்பாக்கியோடு ஒருவனைப் பிடித்திருந்தார்கள். குண்டு முதுகில் பாய்ந்தது என்று அவள் எழுதினால்தான் அவன் உள்ளே இருப்பான். மாற்றி எழுதினால் நாளைக்கே வீட்டுக்குப் போய்க் கறிக்குழம்பு சாப்பிடுவான்.

தலைவர் போனதும் அடுத்த நாற்காலி மகாதேவனுக்குத்தான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவர் இப்போது கொலைகாரனுக்குப் பரிந்து வந்திருக்கிறாரா? பையைத் தொடவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"பையில என்ன அண்ணாச்சி?"

"மங்குஸ்தான் பழம். சீசன்லா? நீங்க நினைக்கது இல்ல." மகாதேவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சுட்டவன் எவனா இருந்தாலும் தூக்குல போடட்டும், எனக்கென்ன? முதுகுல சுட்டான்னு மட்டும் எழுதாதிய. எங்க தலைவரு முதுகு காட்டுத ஆளா?"

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. கூடவே சிரிப்பும் முட்டியது, உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

'முதுகில் பாய்ந்த குண்டு' என்று பேப்பரில் வந்ததிலிருந்து எதிர்க்கட்சிக்காரர்கள் டீக்கடை டீக்கடையாக உட்கார்ந்து சிரிக்கிறார்களாம். போதாததற்கு, கட்சி சார்பில் மயிலாடிச் சிற்பியிடம் சிலைக்கு வேறு சொல்லியாயிற்றாம். சட்டையை விலக்கி நெஞ்சுக் காயத்தைக் காட்டிக்கொண்டு தலைவர் நிற்கிற மாதிரி, எட்டடியில்.

"அவரு ஒண்ணும் ஓடல அண்ணாச்சி, நின்னுக்கிட்டுதான் இருந்தாரு. முதுகுல சின்ன ஓட்டை, நெஞ்சுல பெரிய ஓட்டை. குண்டு உள்ள போற இடம் சின்னதா இருக்கும். கிழிச்சுக்கிட்டு வெளிய வார இடம் பெருசா இருக்கும்."

"அதெப்படி? எங்க வீட்டு வாசக்கதவு பெருசு, கொல்லக்கதவு சின்னது. வாரவன் கொல்ல வழியாவா வருவான்?"

அவள் பத்து வருடம் படித்த படிப்பை ஒரே வரியில் கொல்லைப்பக்கம் தள்ளிவிட்டார் மனிதர்.

"குண்டை மேடைப் பலகையில இருந்து எடுத்திருக்காங்க. அதுவும் தலைவரு காலுக்கு முன்னால."

"அது பந்தல்காரன் அடிச்ச ஆணியா இருக்கும்."

மகாதேவன் செல்போனை எடுத்து ஒரு போஸ்டரைக் காட்டினார். 'தலைவரின் கடைசி மாலை' என்று கொட்டை எழுத்து. படத்தில் மகாதேவன் ஆளுயர ரோஜா மாலையைத் தூக்கிப் பிடித்திருக்க, தலைவர் வாகாகக் குனிந்து கழுத்தைக் கொடுத்திருந்தார். நாலு தாலுகாவிலும் ஒட்டியிருக்கிறதாம்.

"இதுக்கு அடுத்த செகண்டுதான் டமார்னு கேட்டுச்சு. எனக்கும் தலைவருக்கும் நடுவுல அந்த மாலைதான். ஈ நுழைய இடம் கிடையாது. கட்சியில வேற எவனுக்கு அந்த நெருக்கம் உண்டு, சொல்லுங்க பாப்பம்?"

வெளியே நூறு பேர் வாசலை அடைத்துக்கொண்டு கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "நெஞ்சில் குண்டு வாங்கிய வீரத் தலைவர் வாழ்க!" மகாதேவன் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

"கேக்குதா? மாத்தி எழுதலன்னா மறியல்தான். ரெண்டாவது போஸ்ட்மார்ட்டம் கேப்போம். உங்களுக்கு இந்த வாரமே ராமநாதபுரத்துக்கு மாத்தல் வந்திரும்."

ஜெயபிரியாவுக்கு இது சும்மா கிடைத்த இடமில்லை. நாலு வருடம் அலையாய் அலைந்து வாங்கிய ஊர் இது. ஆனால் மாற்றி எழுதினால் ஒரு கொலைகாரன் தன் கையெழுத்தில் தப்பிப் போவான் என்ற நினைப்பு, மாறுதலைவிடக் கசந்தது.

அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் தள்ளினாள்.

"நீங்க கண்ணால பாத்த சாட்சி. பாத்தத எழுதிக் குடுங்க அண்ணாச்சி. என் ரிப்போர்ட்டோட சேத்து இன்ஸ்பெக்டர் ஹபீபுல்லாகிட்ட குடுத்திருதேன்."

மகாதேவனுக்கு வாயெல்லாம் பல். கடகடவென்று எழுதினார். 'குண்டு முன்பக்கத்திலிருந்தே வந்தது. பின்னாலிருந்து யாரும் சுடவில்லை. தலைவருக்கு மிக அருகில் நின்று நான் என் இரு கண்களாலும் பார்த்தேன்.' அடியில் கையெழுத்து. சட்டைப் பையிலிருந்து கட்சி ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, வாயால் ஊதி, அதையும் குத்தினார்.

ஜெயபிரியா தாளை நிதானமாக ஒரு முறை படித்தாள். பிறகு போஸ்டரை ஒரு முறை பார்த்தாள்.

"குண்டு முன்னால இருந்து வந்துச்சு. சரி, உங்க சொல்லையே வச்சுக்கிடுவோம். இன்ஸ்பெக்டர் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாரு."

"என்ன கேப்பாரு? கேக்கட்டும்!"

"தலைவருக்கு முன்னால, ஈ நுழைய இடமில்லாம, நின்னது யாருன்னு."

மேஜையில் கிடந்த செல்போனை மகாதேவன் தன் பக்கம் இழுத்தார். போஸ்டரைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். சாரல் காற்று ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தபோதும் அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

அவள் கையிலிருந்த தாளை மெல்ல உருவி நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தார். எழுந்து போய்க் கதவுத் தாழைத் தாமே திறந்துவிட்டார். வெளியே கோஷம் இன்னும் உச்சத்தில் இருந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பினார்.

"எங்க தலைவருக்கு முதுகுலயும் வீரம் உண்டும்மா."